கடினப் பிரசவத்துக்குப் பிறகு குழந்தைக்குக் கிரேனியல் ஆஸ்டியோபதி: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

செங்காங் தாய்

என் மகனுக்கு இப்போது இரண்டாம் மாதம். வேக்குவம் (தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி) வைத்து எடுத்த பிள்ளை. வலி வந்து ஒரு பகலும் ஓர் இரவும் கடந்தும் தலை இறங்கவில்லை. குழந்தையின் இதயத்துடிப்பு குறையத் தொடங்கியதும் அவசர அவசரமாக எடுத்தார்கள். மறுநாள் தலையின் வலப்பக்கம் ஒரு வீக்கம் திரண்டது. காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்திருந்து பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீக்கம் ஏறக்குறைய வடிந்துவிட்டது.

ஆனால் பிள்ளை நிம்மதியாக இல்லை. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அழத் தொடங்குகிறான். முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, இரவு பத்து மணிவரை ஓய்வதில்லை. படுக்க வைத்தால் முகத்தை எப்போதும் வலப்பக்கமே வைத்துக்கொள்கிறான். ஒரு மார்பில் நன்றாகக் குடிக்கிறான். மறுபக்கம் மாற்றினால் முறுக்கிக்கொண்டு கத்துகிறான்.

பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, “உரம் விழுந்திருக்கிறது, வேட்டியில் போட்டு உருட்டினால் சரியாகிவிடும்” என்கிறார். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஆங்கிலேயப் பெண்மணி, ஆயுதம் போட்டு எடுத்த தன் பிள்ளையைக் கிரேனியல் ஆஸ்டியோபதி என்ற, மண்டையோட்டைக் கையால் தொட்டுச் செய்யும் சிகிச்சைக்குக் கூட்டிப்போனதாகவும், தலையை மெல்லத் தொட்டே சரிசெய்துவிட்டார்கள் என்றும் சொல்லி ஓர் இடத்தையும் காட்டினார். கணவர் இரண்டுக்கும் தலையாட்டுகிறார்; தூக்கமில்லாதவர் எதற்கும் தலையாட்டுவார்.

போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இடத்தின் பெயரைக் கேட்கவில்லை. உள்ளே என்ன செய்தார்கள், பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் சொல்லுங்கள்.

புக்கிட் பாத்தோக் அம்மா

நான் போனேன், தங்கை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கிக் கருவி போட்டு எடுத்தவள். கன்னத்தில் இரண்டு பக்கமும் கருவியின் தடம் சில நாள் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு உடம்பை வில்லாக வளைத்து அழுவாள். தோளில் போட்டால் ஓய்வாள், இறக்கினால் தொடங்குவாள். ஓமத்தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் ஆர்ச்சர்ட் பக்கம் ஒரு கட்டடத்தில் இருந்த ஓர் ஆஸ்டியோபத்திடம், அதாவது இந்தச் சிகிச்சை செய்பவரிடம், போனோம். பிரிட்டனில் படித்தவர், நடுவயதுப் பெண்மணி.

முதல் பாதி முழுக்கக் கேள்விதான். வலி எத்தனை மணி நேரம், பிள்ளை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இறங்கியது, எந்தக் கருவி, யார் எடுத்தது, முதல் பால் எப்போது, நான் எப்படித் தூங்குகிறேன் என்றெல்லாம் கேட்டார். அந்தப் பிரசவத்தைப் பற்றி என்னிடம் ஆரம்பம் முதல் கடைசிவரை கேட்ட முதல் ஆள் அவர்தான். மருத்துவமனையில் எல்லாரும் நல்லவர்கள், ஆனால் எல்லாரும் ஓட்டத்தில் இருந்தார்கள். நான் பேசப் பேச அழுதுவிட்டேன். அவர் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு கையைச் சூடான நீரில் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பிள்ளையைத் துணியோடு மேசையில் படுக்க வைத்தார். ஒரு கையை இடுப்பின் அடியில், வால் எலும்புக்குக் கீழே செருகினார். மற்றக் கையின் விரல்நுனிகளைப் பிடரி எலும்பின் அடியில் வைத்தார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், அசையவே இல்லை. அழுத்துகிறாரா என்று கேட்டதற்கு, சில கிராம் எடை அளவுதான் என்றார். சற்று நேரத்தில் என் மகளின் மூடியிருந்த முஷ்டி விரிந்தது, வாய் சற்றே திறந்தது, தூங்கிவிட்டாள். “வலப்பக்கப் பொட்டெலும்பு இறுகியிருந்தது, இப்போது விடுகிறது” என்றார் அவர். எனக்கு எதுவும் விட்டதாகத் தெரியவில்லை. டாக்ஸியிலும் தூங்கினாள். அவள் எந்த டாக்ஸியிலும் தூங்குவாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் சில முறை போனோம். ஒவ்வொரு முறையும் கொடுத்தது குடும்பத்தின் ஒரு வாரத்துச் சந்தைச் செலவைவிட அதிகம். மெடிசேவ் (நம் கட்டாய மருத்துவச் சேமிப்பு) இதற்குப் பயன்படாது.

அழுகை குறைந்ததா? குறைந்தது. மூன்றாம் மாத முடிவில் நன்றாகவே குறைந்தது. அதை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் சிக்கல். காரணம் தெரியாத இந்தச் சாயங்கால அழுகை ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குவது வழக்கம். பெற்றோர் தாங்க முடியாமல் சிகிச்சை தேடி ஓடுவது அந்த உச்சத்தில்தான். அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் இறங்குமுகம்தான்: ஓமத்தண்ணீர் கொடுத்தவர் ஓமத்தண்ணீர் என்பார், கயிறு மந்திரித்துக் கட்டியவர் கயிறு என்பார், நான் ஆஸ்டியோபதி என்பேன்.

பிறகு ஆர்வத்தில் இதன் வரலாற்றைப் படித்தேன். ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர், 1874இல். மிசூரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் ஊரில் 1892இல் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த வில்லியம் கார்னர் சதர்லாந்து, பிரித்து வைத்திருந்த மண்டையோட்டு எலும்புகளைப் பார்த்தபோது, பொட்டெலும்பின் சாய்ந்த விளிம்பு மீனின் செவுளைப் போல இருக்கிறதே, அப்படியானால் இது மூச்சுவிடுவதற்காக அசைகிறதோ என்று நினைத்தார். தன் தலையிலேயே பட்டைகளைக் கட்டி இறுக்கிப் பார்த்ததாகவும் சொல்வார்கள். மூளையைச் சுற்றியுள்ள நீர் ஒரு தாளத்தில் ஏறி இறங்குகிறது, எலும்புகள் அதோடு அசைகின்றன, பயின்ற கை அதை உணரும் என்பதுதான் கொள்கை. அந்தத் தாளம் உண்மையா என்று பார்க்க, ஒரே ஆளை இரண்டு சிகிச்சையாளர்களிடம் தனித்தனியாகத் தொட்டு எண்ணச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை.

அழும் குழந்தைகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சைகளைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் ஒரு மறுஆய்வு வெளியிட்டது. தகுதியானவை என்று சேர்த்தது ஆறே ஆய்வுகள், மொத்தம் 325 குழந்தைகள். பெரும்பாலானவற்றில் அழுகை நேரம் குறைந்ததாகத்தான் வந்தது. ஆனால் அழுகையைக் குறித்துவைத்த பெற்றோருக்குப் பிள்ளைக்குச் சிகிச்சை நடந்தது தெரியும். அது தெரியாமல் மறைத்துச் செய்த ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வித்தியாசம் நிற்கவில்லை.

இதை வைத்து அந்தப் பெண்மணியை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கை சுத்தம், பேச்சு நிதானம். பிள்ளைக்கு வலிக்கிற மாதிரி எதுவும் செய்யவில்லை. நான் கொடுத்த பணம் பொட்டெலும்புக்குப் போனதா, என்னிடம் கேட்ட அந்தக் கேள்விகளுக்குப் போனதா என்றால், எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை. போவதென்றால் போங்கள், தங்கை. ஆனால் அந்தக் கழுத்தை முதலில் ஒரு மருத்துவர் பார்க்கட்டும். ஒரே பக்கம் திருப்பிக்கொள்வதை நான் அழுகையோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்ட மாட்டேன்.

ஜூரோங் இரட்டையர் அப்பா

மேலே எழுதிய அக்காவின் கணக்கு எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் சுகமாக வந்துவிட்டான். இளையவன் கால்பக்கமாக வந்து, இழுத்து எடுத்தார்கள். இரண்டு பேரும் போட்டி போட்டு அழுதார்கள். கடினமாக வந்தவன் இளையவன்தானே என்று அவனை மட்டும் ஆஸ்டியோபத்திடம் கொண்டுபோனோம். இரண்டு பேருக்கும் கொடுக்கக் கையில் பணமும் இல்லை.

இளையவன் அடங்கினான். கூட்டிப்போகாத மூத்தவனும் அதே சமயத்தில் அடங்கினான். என் மனைவி இன்றும் சிகிச்சையால்தான் என்கிறார். தம்பி அமைதியானதால் அண்ணனும் அமைதியாகிவிட்டானாம். நான் வாதாடுவதில்லை. சிகிச்சை நடக்கும் அந்த ஒரு மணி நேரம் பிள்ளை வேறொருவர் கையில் இருந்தான், மனைவி நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்தார். அதற்கு நான் இன்னும் அதிகமாகவும் கொடுத்திருப்பேன்.

ஓய்வுபெற்ற தாதி

பிரசவ வார்டில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வேக்குவம், ஃபோர்செப்ஸ் பிள்ளைகளின் தலை வீக்கம் எல்லாம் ஒன்றல்ல.

பிறக்கும்போதே மெத்தென்று, தலையின் நடுக்கோட்டைத் தாண்டிப் பரவியிருப்பது வெறும் நீர்கோத்த வீக்கம். சில நாளில் போய்விடும். செங்காங் தாய் சொல்வதுபோல் பிறகு மெல்லத் திரண்டு ஒரு பக்கத்தோடு நிற்பது, எலும்புக்கும் அதைப் போர்த்திய சவ்வுக்கும் இடையில் இரத்தம் கட்டுவது. சவ்வு ஒவ்வோர் எலும்பின் விளிம்பிலும் ஒட்டியிருப்பதால் வீக்கம் அந்த எலும்பைத் தாண்டாது. வடிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கட்டிய இரத்தம் உடைந்து கரைவதால்தான் காமாலை கூடுகிறது. சிலருக்கு ஓரம் சற்றுக் கெட்டியாகி, பிறகு தலை வளர வளரச் சமமாகும். அதைத் தேய்க்கக் கூடாது, எண்ணெய் காய்ச்சி ஒற்றக் கூடாது, ஊசி குத்தி எடுக்கச் சொல்லவும் கூடாது. மூன்றாவது வகை, உச்சித்தோலுக்கு அடியில் பரவும் இரத்தக் கசிவு. அது ஆபத்து. வேக்குவம் வைத்த பிள்ளைகளை முதல் மணி நேரங்களில் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். இரண்டு மாதப் பிள்ளைக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது.

காமாலை என்றதும் ஒன்று: இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவது) பார்ப்பது 1965லிருந்து வழக்கம். பிள்ளையின் சுகாதாரக் கையேட்டில் முடிவு எழுதியிருப்பார்கள். குறைபாடு உள்ள பிள்ளை என்றால் துணி அலமாரியில் பாச்சை உருண்டை கூடாது. ஊரிலிருந்து வரும் பட்டுத்துணி மூட்டைகளில் அது கட்டாயம் இருக்கும், கவனியுங்கள்.

பிறக்கும்போது மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வழிவிடும். அதற்காகத்தான் அவை ஒட்டாமல் இருக்கின்றன. நீண்டு கூம்பாக வந்த தலை சில நாளில் உருண்டையாகும். யாரும் பிடித்துவிட வேண்டியதில்லை. பின்னுச்சிக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடும். முன்னுச்சிக் குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும்.

இனி கழுத்துக்கு வருகிறேன். அம்மா “உரம்” என்று சொன்னாரே, அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பிள்ளை ஒரே பக்கம் திரும்புவது, ஒரு பக்கம் பால் குடிக்க மறுப்பது, தூக்கினால் வீறிடுவது இவற்றையெல்லாம் நம் பாட்டிமார் ஒரே சொல்லில் அடக்கிவிடுவார்கள். கழுத்தின் பக்கத் தசை ஒரு பக்கம் குறுகி இறுகியிருந்தால் தலை அந்தப் பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். கடினப் பிரசவங்களுக்குப் பிறகு இதைப் பார்த்திருக்கிறேன். சில பிள்ளைகளுக்குத் தசையில் சிறு கட்டி கைக்குத் தட்டுப்படும். உங்கள் மகன் முகத்தை வலப்பக்கம் வைக்கிறான் என்றால் இடப்பக்கக் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும். கண்டுபிடித்தது சரி; வேட்டியில் போட்டு இரண்டு பேர் முனையைப் பிடித்து உருட்டுவது மட்டும் வேண்டாம், தலை நிற்காத பிள்ளை. அம்மாவிடம் “நீங்கள் சொன்னது சரிதான் என்று டாக்டரும் சொன்னார்” என்று சொல்லிவிட்டு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போங்கள். வீட்டில் சண்டையும் வராது.

இதற்கெல்லாம் முன்பாக, அழுகை மட்டுமல்லாமல் இவற்றில் ஏதாவது இருந்தால் எந்தத் தனியார் சிகிச்சையாளருக்கும் முன்பதிவு செய்யாதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள்: 38 டிகிரி காய்ச்சல் (மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு இது ஒன்றே போதும்), பச்சை நிற வாந்தி, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, அழாமல் நிமிர்ந்திருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது, வலிப்பு. ஒரு கையை மட்டும் அசைக்காமல் தொங்கவிட்டால் அதையும் உடனே காட்டுங்கள். தோள் சிக்கி இழுத்த பிள்ளைகளுக்குத் தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம்.

தெம்பனிஸ் தமிழ்ச்செல்வி

எனக்கு நடந்தது வேறு. நாங்கள் போன இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கிருந்த ஆஸ்டியோபத் முதல் சந்திப்பிலேயே மகனின் தலையைத் தொட்டுவிட்டு, “இந்தப் பிறப்பின் அதிர்ச்சி உள்ளே தங்கியிருக்கிறது. இப்போது வெளியேற்றாவிட்டால் பள்ளிக்கூடத்தில் கவனம் நிற்காது, படிப்பு ஏறாது” என்றார். பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்து ஜாதகம்! அடுத்த மூச்சில், முன்பணம் கட்டினால் தள்ளுபடி உள்ள ஒரு தொகுப்பைக் காட்டினார். பிரசவமாகி மனம் எதையும் தாங்காத நிலையில் இருக்கும் பெண்ணிடம் இப்படிப் பேசினால் கடன் வாங்கியாவது கட்டுவாள். நானும் கட்டினேன்.

கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. அவன் கழுத்தும் ஒரே பக்கம்தான் திரும்பியது. அதைக் கேட்டபோதெல்லாம் “தலை விடுபட்டதும் கழுத்து தானாக விடும்” என்றே சொல்லிவந்தார். பலதுறை மருந்தகத்தில் தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த தாதி பார்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லி, பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே ஒரு பெண், பிள்ளையின் தோளை ஒரு கையால் பிடித்து, மறுகையால் தலையை மெல்லத் திருப்பி நிறுத்திப் பிடிப்பது எப்படி என்று காட்டினார். டயப்பர் மாற்றும்போதெல்லாம் செய்யச் சொன்னார். பொம்மையையும் விளக்கையும் அவன் திரும்பாத பக்கம் வைக்கச் சொன்னார். விழித்திருக்கும்போது குப்புறப் போடச் சொன்னார். எலும்பின் தாளம், தங்கிய அதிர்ச்சி என்று ஒரு வார்த்தை இல்லை. மாதங்கள் ஆயின, சரியாகிவிட்டது. அதற்குள் பின்மண்டையில் ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. முடி வளர்ந்து இப்போது தெரியவில்லை, எனக்கு மட்டும் தெரியும்.

கேலாங் பாரு தம்பி

தமிழ்ச்செல்வி அக்கா, புகார் செய்தீர்களா? எந்த மன்றத்திடம் சொல்வது?

தெம்பனிஸ் தமிழ்ச்செல்வி

தேடிப் பார்த்தேன் தம்பி. இங்கே பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுச் சிகிச்சையாளர் ஆகியோருக்கு 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு மன்றம் இருக்கிறது. சீன மருத்துவர்களுக்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆஸ்டியோபதிக்கு அப்படி ஒரு பதிவேடு சிங்கப்பூரில் இல்லை. பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாமல் ஒருவர் தன்னை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் படித்து வருகிறவர்கள் முழு மருத்துவர்கள், மருந்தும் எழுதுவார்கள், அறுவையும் செய்வார்கள். இங்கே பெயர்ப்பலகையில் ஒரே சொல்லைப் பார்க்கும்போது இந்த வேறுபாடெல்லாம் தெரிவதில்லை. அதனால் போகிறவர்கள் எந்த நாட்டில் படித்தார், அங்கே இன்னும் பதிவில் இருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். வெளிநாட்டுப் பதிவேட்டை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். கிரேனியோசேக்ரல் தெரபி என்று போட்டிருந்தால் அது இன்னொன்று: 1970களில் ஜான் அப்லெட்ஜர் என்ற அமெரிக்கர் இதிலிருந்து பிரித்து வளர்த்தது. அதைச் சிறு பயிற்சி வகுப்புகளிலேயே கற்றுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

உட்லண்ட்ஸ் அம்மா

இதையெல்லாம் வாசித்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. என் மகள் பிறந்தபோது அழவில்லை. மூச்சுத் திணறி, மூளைக்குப் பிராணவாயு போதாமல் போய், உடலைக் குளிரவைக்கும் சிகிச்சையில் 72 மணி நேரம் வைத்திருந்தார்கள். தொட்டால் ஜில்லென்று இருப்பாள். தூக்கவும் முடியாது, விரலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் இயக்கம் தடைபடும் நிலை) என்று உறுதியாயிற்று.

நீங்கள் பேசுவது அழும் பிள்ளைகளைப் பற்றி. எங்களைப் போன்றவர்களிடம் வருகிறவர்கள் பேசும் தொனியே வேறு. “தலையில் அழுத்தம் இறங்கினால் நடப்பாள்” என்று ஒருவர் எங்களிடம் சொன்னார். நாங்கள் சில காலம் கூட்டிப்போனோம். மகளுக்கு அது பிடித்திருந்தது, உடம்பு கொஞ்சம் தளர்ந்து சிரிப்பாள். நடக்கவில்லை.

இதைப் பற்றிப் பிரிட்டனில் ஒழுங்காக ஆய்வு செய்திருக்கிறார்கள், 2011இல் வெளிவந்தது. பெருமூளை வாதம் உள்ள 142 பிள்ளைகள், 5 முதல் 12 வயதுவரை. பாதிப்பேருக்கு ஆறு மாதம் கிரேனியல் ஆஸ்டியோபதி, மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். உடல் இயக்கத்தில் நிலையான முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. எங்கள் பிசியோதெரபிஸ்ட் இதை ஆரம்பகாலத் தலையீட்டு நிலையத்தில் எனக்கு விளக்கியபோது ஏளனமாகச் சொல்லவில்லை. “அவளுக்கு இதமாக இருக்கிறதென்றால் போங்கள். ஆனால் இங்கே வரும் நாளை அதற்காக விட்டுவிடாதீர்கள்” என்றார். எங்கள் மகளுக்கு எது உதவியது என்றால், கால் அணைப்புக் கருவியும், நிற்கப் பழக்கும் சட்டமும், தினமும் சலிக்காமல் செய்த பயிற்சியும்தான். இப்போது வாக்கரைப் பிடித்துப் புளோக்கின் கீழ்தளத்தில் நடக்கிறாள். நடைபாதையின் ஓரத்தில் மிதிவண்டியை நிறுத்துகிறவர்கள்தான் இப்போது எனக்கு எதிரி.

ஜூரோங் இரட்டையர் அப்பா

அக்கா, வணங்குகிறேன். எங்கள் அழுகைக் கதையெல்லாம் கதையே இல்லை.

உட்லண்ட்ஸ் அம்மா

அப்படிச் சொல்லாதீர்கள். தூங்காதவனுக்குத் தூக்கம்தான் பெரிய கதை.

புக்கிட் பாத்தோக் அம்மா

செங்காங் தங்கைக்கு இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. பிள்ளையின் தலையைப் பற்றி எழுதினீர்கள், உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் வலி கண்டு, பயந்து, பிறகு அறுவை அறைக்கு ஓட்டிக்கொண்டு போன நினைவு சும்மா போகாது. எனக்கு லிஃப்ட் கதவு மூடும் ஓசை கேட்டாலே வயிறு புரளும், காரணம் புரிய வெகுகாலம் ஆயிற்று. மகப்பேற்றுக்குப் பிந்தைய மருத்துவச் சந்திப்பில் மனநிலையைப் பற்றி வினாத்தாள் கொடுத்தால் நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் “இல்லை” போடாதீர்கள். அன்றைக்கு எதற்காக அந்த முடிவை எடுத்தார்கள் என்று மகப்பேற்று மருத்துவரிடமே கேட்கலாம், கோப்பைத் திறந்து சொல்வார்கள். எனக்கு ஆஸ்டியோபத்திடம் கிடைத்த பாதி ஆறுதல், இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் மருத்துவமனையிலேயே கிடைத்திருக்கும்.

செங்காங் தாய்

எல்லாருக்கும் நன்றி. பலதுறை மருந்தகத்தில் காட்டினோம். இடப்பக்கக் கழுத்துத் தசை இறுக்கம்தான். சிறு கட்டியும் இருக்கிறது. மருத்துவமனையின் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாள் வரும்வரை செய்ய ஒரு பயிற்சியையும் காட்டினார்கள். அழுகைக்கு வேறு காரணம் இல்லை, எடை நன்றாக ஏறுகிறது, பொறுத்திருங்கள் என்றார்கள். பால் கொடுக்கும்போது அவனை மறுபக்கம் திருப்பாமல், உடம்பை அப்படியே நகர்த்தி அக்குளுக்கு அடியில் பந்தைப் பிடிப்பதுபோல் பிடித்துக் கொடுத்தால் இரண்டு பக்கமும் குடிக்கிறான்! இதைச் சொன்னது பாலூட்டல் ஆலோசகர்.

அம்மாவிடம் தாதி அக்கா சொன்னபடியே சொன்னேன். “நான்தான் அன்றைக்கே சொன்னேனே” என்று இப்போது புளோக் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆஸ்டியோபத்திடம் போவதைக் கணவர் இன்னும் கைவிடவில்லை. தள்ளி வைத்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு கேள்வி. பின்மண்டை வலப்பக்கம் சற்றுத் தட்டை என்றார்கள். பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் பச்சைப்பயற்றுத் தோல் தலையணை கொடுத்திருக்கிறார், அம்மா கடுகுத் தலையணை தைக்கிறார், இணையத்தில் தலையை வடிவாக்க மாட்டும் ஹெல்மெட் என்கிறார்கள். எது?

ஓய்வுபெற்ற தாதி

மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். தலையணையை நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வையுங்கள். ஒரு வயதுவரை தொட்டிலில் தலையணை, பொம்மை, தடித்த போர்வை எதுவும் கூடாது, மூச்சு அடைபடும். தூங்கும்போது மல்லாக்கவே படுக்கட்டும். தட்டையாகிறதே என்று குப்புறத் தூங்கவைக்கக் கூடாது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருந்து, குப்புறப் போடுங்கள். முதலில் ஒரு நிமிடம் தாங்கினால் போதும், உங்கள் மார்பின்மேல் போட்டாலும் சரி. தொட்டிலில் தலைமாட்டையும் கால்மாட்டையும் ஒருநாள்விட்டு ஒருநாள் மாற்றிப் படுக்கவைத்தால், கதவையும் வெளிச்சத்தையும் தேடி அவனே மறுபக்கம் திரும்புவான்.

ஹெல்மெட் பேச்சு வருவதே ஐந்தாறு மாதம் ஆன, தட்டை அதிகமாக உள்ள பிள்ளைகளுக்குத்தான். நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014இல் வந்தது. ஹெல்மெட் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இரண்டு வயதில் வேறுபாடு தெரியவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் நாள் முழுக்க அதை மாட்டினால் வேர்க்குரு வேறு.

ஒன்றை மட்டும் விடாமல் பாருங்கள். எலும்புகள் சேரும் கோட்டில் கெட்டியான மேடு தட்டுப்பட்டாலோ, தலை ஒழுங்கில்லாமல் வளர்ந்துகொண்டே போனாலோ, அது படுத்ததால் வந்த தட்டை அல்ல. எலும்புகள் முன்கூட்டியே ஒட்டிக்கொள்வதாக இருக்கலாம். அதற்கு அறுவை மருத்துவர்தான் வேண்டும், யாருடைய விரல்நுனியும் அதைப் பிரிக்காது. அடுத்த பரிசோதனையில் தலைச் சுற்றளவை அளந்து கையேட்டின் வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் அளக்காமல் அனுப்பிவிட்டால், திரும்பிப் போய்க் கேளுங்கள்.